ஒதுங்க ஓர் இடம்

முதல் பிள்ளை வயிற்றில் இருந்த நேரம், யாழ்ப்பாணத்தில் கிளினிக் காட்டிவிட்டு மத்தியான பஸ்ஸில் புங்குடுதீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஸ்கான் எடுப்பதற்காக ஒரு பெரிய போத்தல் தண்ணீரைக் குடிக்க வைத்திருந்தார்கள். முடிந்ததும் கழிப்பறைப் பக்கம் போனேன். வரிசை நீளமாய் நின்றது. பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. அடக்கிக்கொண்டு ஓடி வந்து ஏறிவிட்டேன்.

பண்ணைப் பாலத்தில் பஸ் ஏறியபோதுதான் செய்த பிழை விளங்கியது. இரண்டு பக்கமும் கடல். றோட்டில் ஒவ்வொரு பள்ளமும் என் அடிவயிற்றில் விழுந்தது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். பக்கத்தில் இருந்த பெண் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். 

பாலம் முடிந்து, பனைகளும் பற்றைகளும் தெரியத் தொடங்கியதும் அவர் எழும்பி நின்று சத்தம் போட்டார்.

"தம்பி, பஸ்ஸை ஒருக்கா நிப்பாட்டும். எனக்கு அவசரம். அடக்க ஏலாது."

பஸ் சிரித்தது. "வயசு போனா வீட்டில இருக்கவேணும்" என்றார் பின்னாலிருந்த ஒருவர். அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "பிள்ளை, பற்றைக்குள்ள தனியப் போக எனக்குப் பயம். ஒருக்காத் துணைக்கு வாரும்" என்றார்.

பற்றைக்குப் பின்னால் குடையை விரித்து மறைவாகப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி நின்றார். நான் முடித்து எழும்பியதும் குடையை மடக்கினார்.

"நீங்கள் போகேல்லையோ?" என்று கேட்டேன்.

"எனக்கெங்க பிள்ளை வந்தது?" என்றார். "நடவும், பஸ் நிக்குது."

நாங்கள் திரும்பி ஏறியபோது அந்த மனிதர் இன்னொரு பகிடி விட்டார். பஸ் முழுக்க மறுபடியும் அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் சிரித்தது. என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

அப்படித்தான் எனக்கு அந்த அக்காவைத் தெரியும். மடத்துவெளியில் றோட்டோடு வீடு இருந்ததால் ஊரில் அவருக்கு 'றோட்டடி அக்கா' என்று பெயர். நான் கலியாணம் கட்டி அந்த ஊருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். கையில் ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய மணிக்கூடு. சைக்கிளிலும் ஒரு கையில் குடை. குரல் பெரிது. கோயிலில் அவர் மெதுவாகச் சொல்கிற ரகசியம் வீதியில் நிற்பவருக்குக் கேட்கும். ஆனால் ஒரு மனிசருக்கு வெட்கம் வரக்கூடிய காரியம் என்றால் அந்தக் குரல் எங்கே போய் ஒளியும் என்று தெரியாது.

சண்டைக்குப் பிறகு வந்த வீட்டுத்திட்டத்தில் எல்லாருக்கும் வீடு கிடைத்தபோது, சனம் முன் விறாந்தையை வடிவாகக் கட்டிவிட்டுப் பின்பக்கத்தைக் குறையாக விட்டது. அக்காவின் வீட்டுச் சுவருக்கு இன்றுவரை பூச்சு இல்லை. ஆனால் கக்கூஸுக்கு வெள்ளை மாபிள் பதித்திருந்தார். வளவின் பின்மூலையில் கட்டாமல், றோட்டுக் கரையில், வேலிக்குள்ளே கட்டியிருந்தார். கதவுக்குப் பூட்டில்லை. உள்ளே எப்போதும் வாளியில் தண்ணீர் இருக்கும், சவர்க்காரம் இருக்கும்.

நயினாதீவுத் திருவிழாக் காலத்தில் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போகிற பஸ்களும் வான்களும் அந்த வழியால்தான் போகும். வானை நிறுத்திவிட்டுப் பெண்கள் இறங்கி வந்து, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவியளோ?" என்று கேட்பார்கள். அக்கா செம்பை எடுக்கமாட்டார். "தண்ணி பிறகு குடிக்கலாம். முதல் அங்காலை போட்டு வாங்கோ" என்று கையைக் காட்டுவார். தண்ணீர் கேட்டு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தண்ணீர் குடிக்காமலே நன்றி சொல்லிவிட்டுப் போவதை நானே கண்டிருக்கிறேன்.

எங்களுக்குக் கடற்கரையில் ஒரு காணி இருந்தது. என் கணவரின் பரம்பரைக் காணி. அவர் கொழும்பில் வேலை. மாதத்தில் ஒரு தரம் வருவார். நான் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். வெளிநாட்டில் இருக்கிற அவருடைய உறவுக்காரர் விடுமுறைக்கு ஊர் பார்க்க வருவார்கள். அவர்களின் வீடுகளில் பாதிக்குக் கூரை இல்லை, மீதிக்குள் ஆலமரம் முளைத்துவிட்டது. "நாங்கள் கடற்கரையில கூடாரம் அடிச்சு இருக்கிறம், சமைச்சு மட்டும் தாங்கோ" என்று ஒரு குடும்பம் கேட்டது. அவர்கள் போய் நாலு பேருக்குச் சொல்ல, அடுத்த வருடம் இன்னும் இரண்டு குடும்பங்கள் கேட்டன. சமையலுக்கு நான் அக்காவைக் கேட்டேன்.

அவர் காணியைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கிணறு, இரண்டு வேம்பு, அதற்கு அங்கால் வெறும் மணல். மணலில் இராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டைகள் மட்டும் உருண்டு திரிந்தன.

"எல்லாம் சரி. வெளிக்கு எங்க போறது?"

"கடல்தானே கிடக்கு எண்டு அவர் சொன்னவர் அக்கா."

"அவர் ஆம்பிளை, சொல்லுவார். நான் சமைச்சுப் போட்டாப் போதுமோ? திண்டது எங்க போறது? கக்கூஸ் இல்லாட்டி நான் அடுப்பு மூட்டமாட்டன், சொல்லிப்போட்டன்."

அங்கே நிரந்தரமாகக் கட்ட எங்களுக்கு விருப்பம் இல்லை. கிணறும் கிட்ட இருந்தது. தீவுக் கிணறு ஒரு முறை கெட்டால் கெட்டதுதான். அதனால் கொண்டு திரியக்கூடிய கக்கூஸ் ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தோம். நான் போனில் படங்களைக் காட்டினேன். அக்கா போனைத் தள்ளிவிட்டார். "இருந்து பாக்காமல் இதை வாங்கேலாது."

யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடையில் மூன்று விதம் இருந்தது. ஒன்று, மூடி போட்ட வாளி, விளிம்பில் இருக்கை. இன்னொன்று மடக்குக் கதிரை மாதிரி, அடியில் பை மாட்டுவது. மூன்றாவது இரண்டு அடுக்குப் பெட்டி. மேலே கழுவுகிற தண்ணீர், கீழே கழிவு. இரண்டுக்கும் நடுவில் இழுத்து மூடுகிற தட்டு.

அக்கா மூன்றிலும் இருந்து பார்த்தார். கடைக்கு நடுவில், சீலையோடு, கண்ணை மூடிக்கொண்டு. சாமான் வாங்க வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். விற்கிறவர் கூரையைப் பார்த்தார். நான் பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"இந்த வாளி நல்லாப் பதிவு, நிலத்தோட கிடக்கு. முழங்கால் ஏலாத ஆள் இதிலயிருந்து எதைப் பிடிச்சு எழும்புறது?"

"இது வெளிநாட்டுச் சாமான் அம்மா" என்றார் கடைக்காரர்.

"ஏன், வெளிநாட்டில முழங்கால் நோகிறேல்லையோ?"

மடக்குக் கதிரையில் இருந்து இரண்டு பக்கமும் ஆடிப் பார்த்தார். "மணலில காலொண்டு புதைஞ்சால் ஆளும் பையும் சேந்து விழும்." கடைசியாக அடுக்குப் பெட்டியின் கீழ்ப் பெட்டியைக் கழற்றி, தன் போத்தலில் இருந்த தண்ணீரை அதற்குள் ஊற்றி, தட்டை இழுத்து மூடி, அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"இதைத் தாரும்" என்றார். பிறகு அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நிறைஞ்சால் ஆர் தூக்கிறது?"

கடைக்காரர், நாலைந்து பேர் என்றால் ஒவ்வொரு நாளும் ஊற்றவேண்டும் என்று சொன்னார். அக்கா கேட்டது அதையல்ல. கேட்டது கடைக்காரரையும் அல்ல. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாப்பம் அக்கா" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு அந்த வேலை அவருடையதாகிவிட்டது. நான் அதைத் தெரிந்துதான் சொன்னேன்.

கக்கூஸோடு வந்த மறைப்புக் கூடாரத்தை முதல் நாளே சோளகக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்ப் புல்லுக்குள் எறிந்தது. அக்கா ஒரு பிடி மணலை அள்ளி, விரல்களுக்கிடையால் விழவிட்டுக் காற்றுப் பார்த்தார். வாசம் கூடாரங்களின் பக்கம் போகாத இடமாகத் தெரிந்து, பனையோலை வைத்து அடைத்தார். மணல் இறங்காமல் இருக்கப் பெட்டிக்குக் கீழே பலகை போட்டார். முழங்கால் ஏலாதவர்கள் பிடித்து எழும்ப ஒரு பனந்தடியை ஊன்றினார். வாசலில் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு சிவப்புத் துணி. உள்ளே போகிறவர் துணியை வெளியே தொங்கவிடவேண்டும்.

"ஆரும் உள்ளுக்கோ எண்டு கேக்கிறதும் வெக்கம், ஓம் எண்டு சொல்லுறதும் வெக்கம்" என்றார். "துணி சொல்லட்டும்."

விடிந்ததும், விருந்தாளிகள் எழும்ப முன்னர், கீழ்ப் பெட்டியைக் கழற்றி ஒரு கைவண்டிலில் வைத்துச் சாக்கால் மூடுவார். சாக்குக்கு மேல் இரண்டு முருங்கைக் கொப்பை முறித்துப் போடுவார். எங்கள் பழைய வீட்டு வளவில், கிணற்றுக்கு எட்டத்தில் இருந்த பழைய மலக்குழிக்கு அதை உருட்டிக்கொண்டு போவார். மணலில் அந்த வண்டில் சில்லு புதையும். அக்கா முதுகை வளைத்துத் தள்ளுவதை நான் எனக்கென்று அடித்த கூடாரத்துக்குள் படுத்திருந்தபடி பார்த்திருக்கிறேன்.

"முருங்கை எதுக்கக்கா?"

"ஆரும் எழும்பி வந்து என்ன கொண்டு போறியள் எண்டு கேட்டால்? தங்கடைதான் போகுது எண்டு தெரிஞ்சால் அதுகளுக்கு என்னைப் பாக்க வெக்கமாப் போடும். பிறகு என்ர கையால சாப்பிடுங்களோ? முருங்கையிலை ஆயப் போறன் எண்டு சொல்லுவன்."

அதற்குப் பிறகு கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் குளித்து, வேறு சீலை மாற்றித்தான் அடுப்படிக்கு வருவார்.

ஒரு நாள் மீன் சட்டியை மணல் போட்டு உரஞ்சிக்கொண்டிருந்தபோது தாயைப் பற்றிச் சொன்னார். நான் கேட்கவில்லை. இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலம். கக்கூஸுக்கு வரிசை. வெயிலில் தாயும் மகளுமாக நின்றார்கள். தாய்க்கு ஏலாமல் போய்விட்டது. முன்னுக்கும் பின்னுக்கும் ஆம்பிளைகள், தெரிந்த ஊர்ச் சனம்.

"அம்மா பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவ. எத்தினை பேருக்குக் கையெழுத்துப் பழக்கினவ. அண்டைக்குப் பிறகு ஆரின்ர முகத்தையும் நிமிந்து பாக்கேல்ல. செல்லடியாலையோ பசியாலையோ சாகேல்ல பிள்ளை. முகாமால வெளியில வந்து, நல்ல சோறு திண்டு, ஒரு வருசத்தால செத்தவ. ஆனா எனக்குத் தெரியும், அந்த வரிசையிலயே செத்துப்போட்டா."

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வெங்காயம் உரிச்சாச்சோ?" என்று கேட்டார்.

இதுவரை எழுதியது எனக்குச் சுகமாக இருந்தது. இனி எழுதப்போவதை நான் என் கணவருக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அந்த ஆடி மாதம் கனடாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. என் வயதுப் பெண், அவளுடைய கணவர், இரண்டு பிள்ளைகள், முழங்கால் ஒப்பறேசன் செய்த அவளுடைய தாய். நாலு நாள் தங்குவதாகப் பேச்சு. எங்களிடம் அதுவரை வந்தவர்களில் இவர்கள்தான் வசதியானவர்கள். அவர்களுக்குத் தெரிந்த நிறையப் பேர் அடுத்த வருடம் வர இருந்தார்கள். நான் கந்தோரில் லீவு போட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னாலேயே திரிந்தேன். மேசைச் சீலை வாங்கினேன். என் தமிழைக்கூடக் கொஞ்சம் திருத்திக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை அந்தப் பெண் பல் தீட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். குரலைத் தாழ்த்தி, "சமைக்கிற அக்காவும் இதையேதான் பாவிக்கிறவாவோ?" என்று ஓலை மறைப்பைக் காட்டிக் கேட்டாள்.

எனக்கு முகம் சூடேறியது. "சீச்சீ, இல்லை இல்லை. அவவுக்கு வேற இடம் இருக்கு. இது உங்களுக்கு மட்டும்தான்" என்றேன்.

"ஓ, அப்பிடியோ" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

வேறு இடம் என்று ஒன்று இல்லை. பழைய வீட்டு வளவில் இருந்தது குழி மட்டும்தான். மேலே இருந்த கொட்டில் எப்போதோ விழுந்துவிட்டது. பக்கத்தில் மீன்பிடிக்காரர் போய்வருகிற பாதை. ஒதுங்க ஒரு பற்றை இல்லாத வெளி. அக்காவின் வீடும் எங்கள் வீடும் சைக்கிளில் அரை மணித்தியாலம். விடிய வந்தால் இரவுச் சாப்பாடு கொடுத்த பிறகுதான் போவார்.

அடுப்படிக்குப் போனேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்காமல் கறிவேப்பிலையை உருவிக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, இவையள் நிக்கிற நாலு நாளும்... அது அவையளுக்கு மட்டும் இருக்கட்டும். வெளிநாட்டு ஆக்கள்தானே. குறை நினைக்காதேங்கோ."

அக்கா மற்றத் தேங்காய்ப் பாதியை எடுத்தார். 

"ஓம் பிள்ளை. அதுக்கென்ன."

அவர் அதற்குப் பிறகும் அதைக் கழுவினார். விடிய வண்டில் உருட்டினார். பனந்தடியைப் பிடித்து எழும்ப அந்தத் தாய்க்குக் கை கொடுத்தார். தான் மட்டும் உள்ளே போகவில்லை.

எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். ஊற்றி வைத்த பிளேன்ரீ ஆறிக்கிடந்ததைக் கண்டேன். மத்தியானம் அந்த வெக்கைக்குள் அவர் நாக்கை நனைக்கிற அளவுக்குத்தான் தண்ணீர் குடித்தார். மூன்றாம் நாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் இடையில் இரண்டு தரம் கத்தியை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெடித்திருந்தது. முகத்தைப் பார்த்தே மற்றவருடைய அவசரத்தைக் கண்டுபிடிக்கிற கெட்டித்தனம் அவருக்கு இருந்தது. எனக்கு அது தேவைப்படவே இல்லை. எல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. "எங்கையாவது போய் வருவா" என்று நினைத்தேன். அப்படி அன்றைக்கு நினைத்தேனா, அல்லது நினைத்ததாகப் பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்டேனா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாளைக்கு ஒரு நாள்தானே என்று நினைத்தது மட்டும் நிச்சயம்.

நாலாம் நாள் காலை பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். கைவண்டில் மணலில் சரிந்து கிடந்தது. முருங்கைக் கொப்பு ஒரு பக்கம். பெட்டி மூடியபடியே இருந்தது. ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. அக்கா பக்கத்தில் குந்திக்கொண்டு, பல் கிடுகிடுக்க நடுங்கிக்கொண்டிருந்தார். அந்த வெயிலில் நடுங்கினார்.

கனடாப் பெண் ஓடிப்போய் அவர் நெற்றியில் கை வைத்தாள். "ஐயோ, நெருப்பாக் கொதிக்குது" என்றாள். கணவரைக் கூப்பிட்டு வானை எடுக்கச் சொன்னாள். அக்காவை அணைத்துத் தூக்கியதும் அவள்தான்.

"நீங்கள் அம்மாவோடையும் பிள்ளையளோடையும் நில்லுங்கோ, நாங்கள் கொண்டு போறம்" என்றாள்.

நான் நின்றேன். அவர்களுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தேன். சரிந்து கிடந்த வண்டிலை ஒரு ஆளைக் கூப்பிட்டு எடுப்பித்தேன். அப்போதும் நான் தொடவில்லை.

பின்னேரம் அவர்கள் திரும்பி வந்தார்கள். அந்தப் பெண் வானால் இறங்கி நேரே என்னிடம் வந்தாள். "சலத்தில கிருமி, கிட்னி வரைக்கும் போயிட்டுதாம். சீனி வருத்தமும் இருக்காம், அவவுக்கே தெரியாது. வார்ட்டில மறிச்சிருக்கினம்" என்றாள். பிறகு, "டொக்டர் கேட்டவர், இந்த மனுசி தண்ணி குடிக்கிறேல்லையோ, நாள்கணக்கா அடக்கினதோ எண்டு. அக்கா ஒண்டும் சொல்லேல்ல. நீங்கள் வேற இடம் இருக்கெண்டு சொன்னீங்கள் என்ன? அது எங்கை?" என்றாள்.

நான் மேசைச் சீலையை மடிக்கத் தொடங்கினேன். 

அவள் கூடாரங்களுக்கு அங்கால் இருந்த வெளியை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"நான் ஏன் கேட்டனான் தெரியுமோ?" என்றாள். "அம்மா உள்ள போனா வர அரை மணித்தியாலம். அக்காவும் இதைத்தான் பாவிக்கிறா எண்டால், அவவின்ர நேரம் பாத்து அம்மாவைப் பிந்தி அனுப்பலாம் எண்டுதான் கேட்டனான். வேற ஒண்டுக்கும் இல்லை."

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். அவள் சாமான் அடுக்கப் போய்விட்டாள். நான் அடுப்படியில் இருந்தேன். அவள் கேட்டதில் இல்லாத அருவருப்பை நான் எங்கே இருந்து எடுத்தேன் என்று யோசித்தேன். அது அவளோடு கனடாவிலிருந்து வரவில்லை. மூன்று நாளும் அது என்னிடம்தான் இருந்திருக்கிறது. அதற்கு முன்னரும் இருந்திருக்கிறது. நிறைஞ்சால் ஆர் தூக்கிறது என்று கேட்டபோது "பாப்பம்" என்று சொன்ன வாயில் இருந்ததும் அதுதான்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று தரம் போனேன். மூன்று தரமும் ஹோர்லிக்ஸும் அப்பிளும் கொண்டுபோய் வைத்துவிட்டு, மழையைப் பற்றியும் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் கதைத்துவிட்டு வந்தேன். அக்காவும் அதைப் பற்றி ஒரு சொல் எடுக்கவில்லை. பக்கத்துக் கட்டில் கிழவி சங்கடப்படுவதைப் பார்த்து, தன் கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே, தாதியைக் கூப்பிட்டுத் தனக்குக் கட்டிலில் வைக்கிற சட்டி வேண்டும் என்று கேட்டு வாங்கி, அதைக் கிழவியின் பக்கம் தள்ளிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் சமைக்க வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஏலாத மனுசியைக் கஷ்டப்படுத்தக்கூடாது என்று வெளியில் சொன்னேன். அவருடைய வீட்டைத் தாண்டிப் பஸ் போகும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வளவில் கதிரை போட்டு இருந்தார். மெலிந்திருந்தார், அந்தப் பெரிய மணிக்கூடு முழங்கை வரைக்கும் வழுகியது. நான் நிலத்தில் இருந்தேன். "கதிரை எடுத்துப் போட்டு இரும்" என்றார். எனக்கு ஏலவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது என்ன, நான் விளங்கிக்கொண்டது என்ன, இருக்கு என்று நான் சொன்ன இடம் இல்லாத இடம், எல்லாம்.

 முடிந்ததும், "தெரியும் பிள்ளை" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீர் என்னட்டைச் சொன்ன அண்டைக்குப் பின்னேரம் அந்தப் பிள்ளை அடுப்படிக்கு வந்தது. 'அக்கா, உங்கட இடம் எங்கை இருக்கு, தூரமோ? அம்மாவுக்கு அவசரமெண்டா நாங்களும் வரலாமோ?' எண்டு கேட்டது. அப்பத்தான் எனக்கு நீர் அதுக்கு என்ன சொல்லியிருக்கிறீர் எண்டு விளங்கினது."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"கிட்டத்தான், ஆனா மேடும் பள்ளமும், கொம்மாவுக்குச் சரிவராது எண்டு சொன்னன்."

"ஏன் அக்கா? இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே? அவள் அந்த நிமிசமே உங்களை அங்க அனுப்பியிருப்பாளே?"

"ஓம், அனுப்பியிருக்கும். நல்ல பிள்ளை." அவர் மணிக்கூட்டை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டார். "அப்ப நீர் பொய் சொன்னனீர் எண்டு அதுக்குத் தெரிஞ்சிருக்கும். மிச்ச நாளெல்லாம் அந்தப் பிள்ளையின்ர முகத்தில நீர் எப்பிடி முழிக்கிறது? உமக்கு வெக்கமாப் போயிருக்குமே."

நான் அழுதேன். அவர் என் தலையைத் தடவவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை.  பிறகு எழும்பி, பிளேன்ரீ வைக்கிறேன் என்று உள்ளே போனார். நான் அழுது முடிக்கட்டும் என்றுதான் போனார் என்று நினைக்கிறேன். தேத்தண்ணி வர வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது.

அடுத்த வருடம் மாரி தொடங்க முன்னர் அக்கா போய்விட்டார். கிட்னி இரண்டும் ஏலாமல் போய்விட்டது. அந்தச் சின்ன வளவு கொள்ளாத சனம். எங்கெங்கோ ஊர்களில் இருந்து, எனக்குத் தெரியாத பெண்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பந்தலில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தி மெதுவாக, "என்ன வருத்தமாம் அக்காவுக்கு?" என்று கேட்டாள். இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பதில் தெரிந்தவள் அந்தப் பந்தலில் நான் ஒருத்திதான்.

"சீனி வருத்தம்" என்றேன்.